பெயரில்லாத முகப்புப் பக்கம்

பிலோமினா அக்காவின் பெயரை பழங்காசு விற்கும் ஒரு கடைக்காரர் திருடினார். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

செவ்வாய்க்கிழமை நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் அக்காவின் கணவர் டேவிட் அண்ணன். “தம்பி, பிலோ போயிட்டா. டீ கேட்டா. போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள...” மேற்பார்வையாளர் மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார்.

மெல்பேர்ணில் உங்களில் பலர் அக்காவை ஞாயிறு பூசைக்குப் பிறகு அவர் பகிரும் சம்பல் சோற்றுப் பொட்டலங்களால் அறிவீர்கள். அந்தக் காசுக்கடையின் பின்னறையில் அவர் செய்ததை அறிந்தவர்கள் குறைவு.

மலேசியாவில் ஈப்போ ஆஸ்பத்திரியில் பதினொரு ஆண்டுகள் மலேரியாக் கிருமிகளை நுண்ணோக்கியில் தேடியவர் அவர். அவர் இங்கு வந்தபோது, வெள்ளையர் மட்டும் வரலாம் என்ற சட்டம் போய் இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. இங்குள்ள ஆஸ்பத்திரிகளுக்கு அவருடைய சான்றிதழ் போதவில்லை. அமெரிக்காவின் பழைய வெள்ளி டொலர்களை விற்கும் அந்தக் கடைக்காரருக்கு அவருடைய கண்கள் போதுமாக இருந்தன. ஒரு பக்கம் பெண் தலை, மறுபக்கம் கழுகு. ஒரே ஆண்டுக் காசுகள்தான், ஆனால் அவற்றை அடித்த அச்சுகள் வேறு வேறு. எந்தக் காசு எந்த அச்சில் அடிக்கப்பட்டது என்று பிரித்துச் சொல்வது அக்காவின் வேலை. அதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வது மாணவனாயிருந்த என் வேலை.

எல்லோரும் முதலில் கழுகின் வாலைப் பார்ப்பார்கள். எட்டு இறகு வெட்டிய அச்சின் மேல் ஏழு இறகை வெட்டியிருந்தால், பழைய நுனிகள் கீழே எட்டிப் பார்க்கும். அக்கா அங்கே போகமாட்டார். இரத்தத் துளியைப் பார்ப்பதுபோல மேல் விளிம்பில் தொடங்கி வரிவரியாக இறங்குவார். “தெரிஞ்ச எடத்த மொதல்ல பாத்தா, தெரியாதது கண்ணுல படாது லா” என்பார், மலேசியத் தமிழர் பேச்சில் வரும் அந்த ‘லா’வோடு. பெண்ணின் காதருகே மயிரிழை போன்ற ஒரு கோட்டை அப்படித்தான் கண்டார். அது வெறும் கீறல் என்றார் முதலாளி. அக்கா அதே கோடுள்ள மூன்று காசுகளை அவர் முன் வரிசையாக வைத்தார். கீறல் என்றால் மூன்றிலும் ஒரே இடத்தில் விழாது; அச்சே வெடித்திருந்தது.

அதன் பிறகுதான் முதலாளிக்கு இந்த அச்சுகளைப் பற்றிப் புத்தகம் போடும் ஆசை வந்தது. முகப்பில் அக்காவின் பெயரும் வரும் என்றார். அக்கா அன்றே ஈப்போவிலுள்ள தங்கைக்குக் கடிதம் எழுதினார்.

பிறகு நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கண்காட்சிக்குப் போகவேண்டிய காசுகள் தட்டில் கறுத்துக் கிடந்தன. அம்மா கடிதத்துக்குள் மடித்து அனுப்பிய திருநீற்றை எடுத்து ஆறு காசுகளைத் தேய்த்துப் பளபளக்க வைத்தேன்.

“ஐயையோ, அமெரிக்காக்காரிக்கு விபூதி பூசிட்டியேடா!”

“வெள்ளி விளக்கை அம்மா இப்பிடித்தானே அக்கா துலக்கிறவ?”

“அந்தக் கறுப்புதான் லா அதோட வயசு. அது போச்சுன்னா மதிப்பும் போச்சு.”

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு உள்ளே போய், துலக்கியவள் தான்தான் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

“ஒன்ன வேலைய விட்டு அனுப்பிருவான். அப்புறம் எப்படிப் படிப்பே? என்னைய அனுப்ப மாட்டான். அவன் புத்தகம் பாதியில நிக்குது.”

அவர் சொன்னபடியே, முதலாளி அவரை அனுப்பவில்லை. கவனமில்லாதவளின் பெயரைப் போட்டால் புத்தகத்தை யார் நம்புவார்கள் என்று மட்டும் கேட்டார். முதலாளியின் பெயர் மட்டும் கொண்ட முகப்புப் பக்கத்தைத் தட்டச்சு செய்தவன் நான். துலக்கியது நான் என்று அப்போதும் சொல்லவில்லை.

புத்தகம் வந்த அன்று அக்கா அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். “ஒன் டைப்பிங்ல ஒரு பிழையும் இல்லடா தம்பி” என்று சொல்லிவிட்டு அடுத்த காசை எடுத்தார்.

அவர் எழுதிய குறிப்பு அட்டைகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. தமிழில் இருந்ததால் முதலாளி குப்பையில் எறிந்தவை. ஒவ்வொரு அச்சுக்கும் அக்கா ஒரு பெயர் வைத்திருக்கிறார்: ‘கொண்டை ஊசி’, ‘பல்லுப்போன கழுகு’, ‘சளி பிடித்த மூக்கு’. புத்தகத்தில் உள்ள அத்தனையும் அந்த அட்டைகளில் இருக்கின்றன.

அடக்கம் முடிந்த மறுநாள் முதலாளிக்கு எழுதினேன். காசுகளைத் துலக்கியவன் நான் என்பதை முதல் வரியிலேயே எழுதினேன். பதில் இல்லை. இரண்டாம் கடிதத்தைக் கடைக்கே கொண்டுபோனேன். வாங்கி, பிரிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, நான் நிற்கிறேன் என்பதையே மறந்தவர்போல நாளிதழைப் புரட்டினார்.

“மறுபதிப்பில் பிலோமினா டேவிட் என்று போடுங்கள்” என்றேன்.

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.