லேபிள் போட்ட தேதி

முப்பத்தொரு வருடம் குடிநீர் அலுவலகத்தில் படம் வரைபவராக இருந்த துரை, ஒரு குழாயைக்கூடச் சொந்தமாக வரைந்ததில்லை. அடுத்தவர் வரைந்த படத்தின் வலது மூலையில் கட்டம் கட்டித் தலைப்பும் தேதியும் எழுதுவதுதான் வேலை. ஓய்வு பெற்றதும் கட்டம் கட்ட எதுவும் இல்லாமல் கை அரித்தது. மனைவியின் கண்ணாடி ஜாடிகள் வசமாக மாட்டின.

தக்காளியைத் தோலுரிப்பது, ஜாடியைக் கொதிநீரில் நிறுத்துவது, மூடி 'டொக்'கென்று உள்வாங்கும் வரை காத்திருப்பது எல்லாம் அவள். ஜாடி ஆறிய பிறகு துரை ஸ்கேலோடு வந்து உட்காருவார். இரட்டைக்கோட்டு விளிம்பு, அச்சுப்போன்ற எழுத்து, கீழே 'தயாரிப்பு' என்று தன் கையெழுத்து. பசைக்குப் பதில் பாலைத் தடவி ஒட்டுவார்.

"வெந்து சாகறது நானு, கையெழுத்து உங்களுதா?"

"லேபிள் தயாரிப்பைச் சொல்றேன்டி. உன் தக்காளியை யாரு கேட்டா?"

அவள் இறந்து இரண்டு மாதம் கழித்து மகள் வந்தாள். உணவு ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அம்மா படுக்கையில் விழுவதற்கு முந்தைய வாரம் போட்ட தக்காளி வேண்டும், ஒரே ஒரு ஜாடி. 'உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்' என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள்.

அலமாரியில் இருபத்தாறு ஜாடிகள். பளிச்சென்று வெள்ளை லேபிள்கள். இருபத்தாறிலும் ஒரே தேதி.

"அப்பா, இது போன செவ்வாக்கிழமை."

"ஆமா, அன்னைக்குத்தான் மாத்தினேன். பழசெல்லாம் மஞ்சளாப் போச்சு."

"தக்காளி போட்ட தேதி எங்கப்பா?"

"படத்தைத் திருத்தினா திருத்தின தேதிதான்மா போடணும். ஆபீஸ்ல அதான் விதி."

"பழைய லேபிள்ல இருந்துச்சா?"

"உங்கம்மா மூலையில பென்சில்ல என்னமோ கிறுக்கி வச்சிருப்பா. அசிங்கமா இருக்கும். வருஷா வருஷம் நான் மாத்துவேன், அவ மறுபடி கிறுக்குவா. சொன்னா கேக்க மாட்டா."

"அதெல்லாம் எங்க?"

"குப்பைவண்டி வந்துச்சே."

ஐந்து வருடத்துச் சரக்கு அது. எது எந்த வருடம் என்பது ஒருத்தியின் மண்டையில் மட்டும் இருந்திருக்கிறது. மகள் ஒவ்வொரு மூடியாக அழுத்தினாள். இரண்டு கெட்டுப்போய் மேலே உப்பியிருந்தன. மற்றவற்றை வெளிச்சத்தில் பிடித்தாள். எல்லாம் ஒரே மங்கல் சிவப்பு. மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பது படிக்காதவர்கள் நம்பிக்கை. ஆளைக் கொல்லும் நஞ்சுக்கு வாசனை கிடையாது. தேதி தெரியாத சரக்கை ஆலையில் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். வாளியை இழுத்துப் போட்டாள்.

"அய்யோ, பொறு, பொறு!"

பதறிக்கொண்டு ஓடிவந்தார். மனைவி இறந்த அன்றுகூட அவர் இப்படிப் பதறவில்லை. மகளின் கை நின்றது.

"வெந்நியில ஊறவச்சு லேபிளை எடுத்துக்கறேன். அப்புறம் கொட்டு."

கொட்டினாள். இருபத்தாறையும், ஒவ்வொன்றாக. தனக்கென்று எடுத்து வைத்தது எந்த ஜாடியில் போனது என்பது தெரியாமலே வாளி நிறைந்தது. அவர் லேபிள்களைத் துண்டின் மேல் வரிசையாக உலர்த்தினார்.

"ஒண்ணுகூடக் கிழியல, பாத்தியா?"

"ரொம்ப அழகா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.