மலை ஏறவும் லிஃப்டில் போகவும் ஒரே பைண்டிங்

இங்கே ஞாயிறு காலை டவுன் பஸ்ஸில் ஆளுயர ஸ்கீ பலகைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏறுகிறார்கள். டிரைவர் ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஒரகடத்தில் ஒரு முழம் இரும்புக் குழாயோடு ஷேர் ஆட்டோவில் ஏறினாலே எனக்குச் சண்டை வரும். ஆஸ்திரியாவின் இந்த மலையூருக்கு வந்து இது மூன்றாவது குளிர்காலம். முன்பெல்லாம் பஸ் போன பிறகு தெருவில் நான் மட்டும் நிற்பேன். பேச ஆளில்லாமல் வாயே கசந்துபோகும்.

போன வருஷம் பனி விழத் தொடங்கும் முன் ஆபீஸில் பக்கத்து மேஜை லூக்காஸ் சொன்னார்: "நீ பலகை வாங்கினால் எங்களோடு வரலாம். ஒரு வாரம் லிஃப்ட் உள்ள சரிவுக்குப் போவோம், ஒரு வாரம் லிஃப்டே இல்லாத மலையில் நடந்து ஏறுவோம்." சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாடகைப் பலகையில் விழுந்து எழுந்து ஓரளவு சறுக்கக் கற்றிருந்தேன். இனி சொந்தப் பலகையும் அதற்கு ஒரு பைண்டிங்கும்தான் பாக்கி.

பூட்ஸைப் பலகையோடு பிடித்துக்கொள்ளும் பூட்டுதான் பைண்டிங். கம்பியில் தொங்கும் லிஃப்டில் மேலே போகிறவர்களுடையது முன்னும் பின்னும் இறுக்கிப் பிடிக்கும். அதை மாட்டிக்கொண்டு மலை ஏறுவது நடக்கிற காரியமில்லை. ஏறுகிறவர்களுடையது பூட்ஸின் முனையை மட்டும் இரண்டு ஊசிகளால் பிடித்து, குதிகாலைத் தூக்க விடும். கையில் எடுத்தால் எடையே தெரியாது, ஆனால் பனி இறுகிய சரிவில் வேகமாக இறங்கினால் கால் உதறும். இரண்டுக்கும் ஆகிற ஹைப்ரிட் ஒன்று உண்டு. கனமும் கூட, விலையும் கூட. ஒரகடம் ஃபாக்டரியில் கார் சீட்டின் பூட்டுகளைச் சோதித்தே காலம் தள்ளியவன் நான். கடையில் அரைநாள் ஸ்பிரிங்கை அழுத்தி அழுத்திப் பார்த்தேன்.

"அதிகம் ஏறுவீர்களா, அதிகம் சறுக்குவீர்களா?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள்.

"அவர்கள் எங்கே போகிறார்களோ அங்கே" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. ஹைப்ரிட்டையே வாங்கினேன். எந்த வாரம் கூப்பிட்டாலும் என்னிடம் அது இல்லையே என்று கைவிரிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வாங்கியதை லூக்காஸிடம் சொன்னேன். "அருமை" என்றார். அதோடு சரி, கூப்பிடவே இல்லை. நம் பக்கத்தில் கூப்பிடுவார்கள் என்று யார் காத்துக்கொண்டிருந்தார்கள்? செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கிளம்பினால் நண்பன் பென்னலூர் சேகர் என் அறை வாசலில் பைக்கை நிறுத்தி ஹாரன் அடிப்பான். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கினாலும் இழுத்துக்கொண்டு போவான். நானும் வரட்டுமா என்று நாமாகக் கேட்பது மானக்கேடு. அந்த வீம்பிலேயே குளிர்காலம் பாதி போயிற்று. ஒரு ஞாயிறு, சுவரில் சாய்ந்திருந்த புதுப் பலகையைப் பார்த்து அழுதேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அழுதேன்.

கடைசியில் பொறுக்க முடியாமல், "ஏன் என்னைக் கூப்பிடவில்லை?" என்று கேட்டேவிட்டேன்.

லூக்காஸ் நிஜமாகவே திகைத்தார். "நீ கேட்கவே இல்லையே. தனியாக இருப்பதுதான் உனக்குப் பிடிக்கும் என்று நினைத்தோம். தொந்தரவு செய்யக் கூடாதல்லவா?"

அடப்பாவிகளா, இதற்குப் பெயர் மரியாதையாம். அந்த வாரமே போனேன். மூச்சு வாங்க ஏறி, உச்சியில் குதிகாலைப் பூட்டி, அவர்கள் பின்னாலேயே இறங்கினேன். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் நானே கேட்டேன். அவர்கள் ஒரு முறைகூட மறுக்கவில்லை. கேட்பது பழகிவிட்டது.

கோடையில் லீவுக்கு ஊருக்குப் போனேன். ஸ்ரீபெரும்புதூர் டீக்கடையில் சேகரும் பழைய அறைத்தோழர்களும் மறைமலை நகரில் ஒரு நண்பன் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்புவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சேகர், நானும் வரட்டா?"

சேகர் டம்ளரைக் கீழே வைத்தான். "இன்னாடா, வெளியாளு மாதிரி கேட்டுக்கினு கீற?" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

கிளம்பும்போது அவன் பைக்கின் பின்சீட்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னான். எத்தனையோ வருஷம் அந்தப் பைக்கில் போயிருக்கிறேன். எனக்காக அவன் சீட்டைத் துடைத்தது அன்றுதான்.