காரணம்: தண்ணீர்

முதலில் முகர்கிறார் அக்கா. பழைய வீடியோ கேம் இயந்திரத்தின் வயிற்றிலிருந்து கழற்றிய சர்க்யூட் போர்டை இரண்டு கையாலும் தூக்கி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு ஓர் இழுப்பு. “மீன் வாடை. கெபாசிட்டர் கசிஞ்சிருக்கு.” பிறகுதான் மூக்குக்கண்ணாடி, அதற்கும் பிறகுதான் பூதக்கண்ணாடி. மீட்டரைத் தொடுவதற்கு முன் பேனாவைத் தொடுவார். எந்தப் பழுதோடு வந்தது, எதைச் சோதித்தார், எது பலிக்கவில்லை, தன் கையால் எதைக் கெடுத்தார் என்று எல்லாம் நோட்டில் ஏறும். ‘சூடு அதிகம் வைத்து நானே செம்புத் தடத்தைப் பெயர்த்துவிட்டேன்’ என்று எழுதி, அதற்கு அடிக்கோடும் போடுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வணிக வளாகத்தின் மேல்மாடியில் இருக்கும் அந்த விளையாட்டுக் கூடம் அவருடைய சொந்தத் தம்பியினுடையது. பின்புறச் சேமிப்பறையில், பரிசுப் பொம்மை மூட்டைகளுக்கும் காகிதக் கோப்பை அடுக்குகளுக்கும் நடுவே, ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் இவருடையவை. ஐம்பதைத் தாண்டியவர். சட்டைக்கு மேல் கட்டும் துணியில் ஈயம் தெறித்த பொத்தல்கள். வேலை செய்யும்போது போர்டைத் திட்டிக்கொண்டே இருப்பார்: “ஏண்டா, உனக்கு அஞ்சு வோல்ட் போதாதா? யாரு வீட்டுச் சொத்துன்னு தின்னுக்கிட்டு இருக்கே?” கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இவர் ‘காரணம் அக்கா’. இயந்திரம் நின்றுவிட்டது என்று யார் வந்து சொன்னாலும், நிமிராமல் கேட்பது அதைத்தான்.

“அந்த மெஷினுக்கு ராசியில்ல அக்கா” என்று டிக்கெட் கொடுப்பவர் ஒருமுறை சொல்லிவிட்டார். “ராசி எந்தக் கம்பிக் கால்ல இருக்கு, காட்டு. மீட்டரை வச்சுப் பார்த்துடுறேன்” என்று போர்டையே அவர் கையில் கொடுத்தார் அக்கா. காரணம் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்று எழுதுவார். அவர் நோட்டுகளில் நான் அதிகம் பார்த்த சொல் அதுதான். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லத் துணிவில்லாத பெரிய மனிதர்கள் எத்தனை பேர் மேடையேறி நமக்கு வழிகாட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

இந்தக் குறிப்புகளை அவர் இணையத்திலும் போடுகிறார். பழைய போர்டுகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் கூடும் தளம் ஒன்று இருக்கிறது. அங்கே பாதிப் பேர் பழுதைப் பக்கம் பக்கமாகப் புலம்பி, உதவி கேட்டு, பிறகு ‘சரியாயிடுச்சு, நன்றி’ என்று ஒரு வரியோடு காணாமல் போகிறார்கள். அக்காவுக்கு அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. “எப்படிய்யா சரியாச்சு? மந்திரம் போட்டியா? கண்டுபிடிச்சதை மடியில கட்டிக்கிட்டு எங்கே போகப் போறே?”

இப்படிப்பட்டவர்தான் ஒருநாள் ‘தெரியவில்லை’ என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் வேறொரு சொல்லை எழுதினார்.

கூடத்தின் மூலையில், விண்கலங்களைச் சுடும் பழைய ஆட்டத்துக்கு ஒரே மாதிரி இரண்டு இயந்திரங்கள். இடதுபுறத்தது செத்துப்போனது. போர்டின் ஓரத்தில் பச்சை பூத்து, செம்புத் தடங்கள் அரித்துப்போயிருந்தன. ஈரம் பட்ட செம்பும் அப்படித்தான் பூக்கும். மற்ற வேலைகள் குவிந்து கிடந்தன. அக்கா எழுதிவிட்டார்: ‘காரணம்: தண்ணீர்.’

அதுவரை அந்த நோட்டைத் திறந்தே பார்க்காத தம்பிக்கு அன்றைக்கு மட்டும் அதன் மேல் எங்கிருந்தோ ஒரு மரியாதை வந்துவிட்டது. தண்ணீர் என்றால் ஈரத்துணி. ஈரத்துணி என்றால் கூடத்தைத் துடைக்கிற பெண். முடிந்தது விசாரணை. “மெஷினுக்குள்ள நான் ஏன் சார் துடைக்கப் போறேன்? வெளியில துடைச்சே மாளல” என்று அந்தப் பெண் கேட்டார். அன்றே வெளியே. கூரையில் குழாய் ஒழுகுகிறதா, ஆடுகிறவர்கள் குளிர்பானத்தைக் கொட்டினார்களா என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்க என்ன அவசியம்? மேலே இருப்பவன் தவறு செய்தால் ஆராய்ச்சி. துடைப்பவள் பக்கத்தில் நின்றாலே தீர்ப்பு. எல்லா ஊர்களிலும் இதுதான் நீதி என்றால், அந்த நீதியை முதலில் துடைக்க வேண்டும்.

அவர் போய்ச் சில வாரங்களில் வலதுபுற இயந்திரமும் நின்றது. அக்கா போர்டைக் கழற்றினார். அதே ஓரம், அதே பச்சை. ஆனால் இதில் அந்தப் பச்சைக்கு நடுவே, விரல்நுனி அளவில், நீல உறை போட்ட சிறு பேட்டரி ஒன்று கசிந்துகொண்டிருந்தது. ஆடியவர்களின் புள்ளிகளை நினைவில் வைக்க, தயாரித்தவர்கள் போர்டின் மேலேயே பதித்த பேட்டரி. வயதானால் அது கக்கும். கக்கியது செம்பைத் தின்னும். அக்கா ஓடிப்போய் முதல் போர்டை எடுத்து, அதே இடத்தில் யாரோ தடவியிருந்த பச்சை வார்னிஷைச் சுரண்டினார். அடியில், பேட்டரியின் கம்பிக் கால்கள் வெட்டப்பட்ட இரண்டு ஓட்டைகள். முன்பு எவனோ பேட்டரியை வெட்டியெடுத்து, மேலே பூசி மறைத்து, ஒரு வரிகூட எழுதாமல் போயிருக்கிறான். அவன் விட்டுப்போன கசிவுதான் மிச்சத்தைத் தின்றிருக்கிறது.

இரண்டு போர்டுகளையும் தூக்கிக்கொண்டு தம்பியின் அறைக்குப் போனார். நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

“அவங்களைத் திரும்பக் கூப்பிடு.”

“அக்கா, விடு. வேற ஆளுக்குச் சொல்லியாச்சு.”

“இன்னும் வரலைல்ல?”

“நான் போய் அவகிட்ட என்னன்னு சொல்றது? மானம் போயிடும்.”

“உனக்குப் போறதுக்கு இன்னும் மிச்சமிருக்கு. அவங்களுக்குப் போனது போனதுதான்.”

“நீ எழுதினதைப் பார்த்துத்தானே அனுப்பினேன்!”

அக்காவின் முகம் ஒரு கணம் சுருங்கியது. “ஆமா. நான் எழுதினதுதான். அதனாலதான் வந்து நிக்கிறேன்.”

பிறகு உட்கார்ந்தார். இரண்டு போர்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் அவற்றின் மேல் வைத்துக்கொண்டார். வெளியே விடுமுறைக் கூட்டம். மூலையில் இரண்டு திரைகளும் இருண்டு கிடந்தன.

“எப்பக்கா மாட்டப் போறே?”

“அவங்க வந்தப்புறம்.”

“சொந்த அக்காவே ஸ்ட்ரைக்கா?”

“கோஷம் வேணும்னா போடுறேன். தொண்டை நல்லாத்தான் இருக்கு.”

தம்பி என்னைப் பார்த்தார். நான் எழுதுகிறவன் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். “கூப்பிட்டுக்கோ. ஆனா மன்னிப்பு கின்னிப்புன்னு என்னை இழுக்காதே.” மன்னிப்பு கேட்டால் தேய்ந்துபோகிற பதவி அவருடையது. இருக்கட்டும்.

மறுநாள் அந்தப் பெண் வந்தார். நன்றியில் கண்கலங்கி வருவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். சேமிப்பறை வாசலிலேயே நின்றார். கைப்பை தோளிலிருந்து இறங்கவில்லை. அக்கா நோட்டை விரித்து நீட்டினார். ‘தண்ணீர்’ என்ற சொல்லின் மேல், படிக்க முடிகிற மாதிரி ஒரே ஒரு கோடு. பக்கத்தில்: ‘தவறு. பேட்டரிக் கசிவு. துடைத்தவருக்கு இதில் தொடர்பில்லை. சோதிக்காமல் எழுதியது நான்.’

அவர் நிதானமாகப் படித்தார்.

“கோடு போட்டு அடிச்சிட்டீங்க. சரி. எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? உங்களுக்கு முன்னாடி இருந்த மெக்கானிக் அந்த நீலக் கட்டையை வெட்டி பாக்கெட்ல போட்டுக்கிட்டப்போ பக்கத்துல நின்னது நான்தான். கம்பியை வச்சு வச்சு போர்டையெல்லாம் கேக்குறீங்க. வாய் இருக்கிறவளைக் கேக்க மாட்டீங்களா?”

அக்கா அறையின் ஒரே நாற்காலியில் குவிந்து கிடந்த ஒயர் சுருள்களை அள்ளித் தரையில் போட்டுவிட்டு, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். தான் நின்றபடியே நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.