அசுரனின் உதடு

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காளியம்மனுக்குப் பித்தளைச் சிலை வார்க்க, மெழுகில் உரு செதுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. யாரிடமும் படிக்காமல் நானாகவே பழகிக்கொண்ட கை இது. கோயில் கூட்டத்தில் அதைப் பார்த்த பக்கத்து லயத்து வரிசை வீட்டு முருகேசு, "அம்மனாங்க இது? காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்குப் பிந்தி வந்து, வேலை வாங்குற கண்டாக்குகிட்ட மாட்டுனவ மாதிரில்ல முழிக்கிறா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அன்றே அம்மன் காலடியில் கிடந்த அசுரனுக்கு முருகேசுவின் முகத்தைச் செதுக்கினேன். பிறவியிலேயே பிளந்து, தையல் போட்ட அவன் மேலுதட்டையும் விடவில்லை. பார்க்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மறுநாள் முருகேசு தனியாக வந்தான்.

"அண்ணே, நான் பேசுனது தப்புதான். மூஞ்சி என்னுதாவே இருக்கட்டும். அந்த ஒதட்ட மட்டும் மாத்திருங்க. மெழுகுதானேண்ணே."

உண்மைதான். கத்தியைச் சூடாக்கி ஒருமுறை தடவினால் போதும். "பார்ப்போம்" என்றேன். அவன் தலை மறைந்ததும் மெழுகின்மேல் மண்ணைப் பூசினேன். மண் அச்சைச் சுட்டதும் மெழுகு உருகி வழிந்த இடத்தில் பித்தளை நிறைந்தது.

கும்பாபிஷேகத்துக்கு முருகேசு வரவில்லை. அவன் மனைவி ஏழு வயது மகளைக் கூட்டி வந்தாள். பிள்ளைக்கும் அதே உதடு. ஒரே தோட்டத்தில் இருந்துகொண்டு எனக்கு அது தெரியாது என்றால் பொய். அந்தப் பிள்ளை அசுரனைப் பார்த்தாள். தன் உதட்டைத் தொட்டாள்.

"அம்மா, இது நானா?"

அந்த உதட்டை அரத்தால் ராவிவிடுகிறேன் என்று பூசாரியிடம் கெஞ்சினேன். பிரதிஷ்டை செய்த சிலையில் இரும்பு படக் கூடாது என்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பிள்ளை வருகிறாள். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மற்றக் கையால் மட்டும் கும்பிடுகிறாள்.