மழைத்தண்ணீரில் ஒரு நாடாப்புழு

ஆட்டுக்குடலை விரலால் தடவியே உள்ளே நாடாப்புழு கிடக்கிறதா என்று விமலேஸ்வரி அக்கா சொல்லிவிடுவார். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் விலங்கியல் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவர். தொண்ணூற்றாறில் போருக்குத் தப்பி எல்லோரும் நகையும் காணி உறுதியுமாகக் கிளாலிக் கடலைக் கடந்தபோது, அவர் கொண்டுவந்தது ஒரு போத்தல் சுத்த உப்பு, கொஞ்சம் வரைபுத்தாள், பூச்சி மருந்துக் குளிசை பன்னிரண்டு. வன்னியில், ஒட்டுசுட்டானில் எங்கள் கொட்டிலுக்கு அடுத்த கொட்டில் அவருடையது.

அந்தக் குளிசை பட்டதும் நாடாப்புழு வலிப்பு வந்ததுபோல் சுருங்கும். ஏன்? புழுவின் தசையில் கண்ணுக்குத் தெரியாத கதவுகள் இருக்கின்றன, மருந்து அவற்றைத் திறக்க வெளியே இருக்கும் கல்சியம் உள்ளே பாய்கிறது என்பது அக்காவின் எண்ணம். அப்படியானால் கல்சியம் இல்லாத நீரில் புழு சுருங்காமல் கிடக்க வேண்டும். அதை ஒருமுறையாவது கண்ணால் காண வேண்டும். யாரும் கேட்கவில்லை. ஆய்வுகூடத்தில் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கிய பேராசிரியர் எப்போதோ வெளிநாடு போய்விட்டார்.

கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, துணியில் வடித்து, உப்புக் கலந்து ஒரு வருடமாகப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் புழு சுருங்கியது. குளிசை ஒன்றுதான் மிச்சம்.

புழு கொடுப்பவர் ஆண்டியப்பன். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து காட்டோரம் குடியேறியவர். காளி கோயில் வேள்வியில் ஒரே வெட்டில் ஆட்டுத்தலையை இறக்குகிறவர். படித்தவர்கள் எல்லோரும் அவருக்கு டீச்சர்தான்.

"கறி கேக்காம பூச்சி கேக்குற ஆளு நீங்க ஒருத்தர்தான் டீச்சரம்மா."

"கறியை ஊரே பாத்துக்கொள்ளும் அண்ணை. பூச்சிக்கு ஆர் இருக்கினம்?"

ஒருநாள் தேத்தண்ணி குடிக்க வந்த ஆண்டியப்பன் கேத்தலுக்குள் எட்டிப் பார்த்தார். "இந்தத் தண்ணியில சுண்ணாம்பு இல்லைன்னா சொல்றீங்க? பாருங்க, எப்புடி வெளுத்துக் கெடக்கு. எங்க தோட்டத்துல அம்பது வருசம் காச்சினாலும் கேத்தலு இப்புடி ஆவாதுங்க."

அக்கா விரலால் சுரண்டினார். வெள்ளைப் பொருக்கு நகத்தோடு வந்தது. சுண்ணாம்பு; அதாவது கல்சியம். யாழ்ப்பாணத்தின் உவர்ந்த சவர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவருக்கு, இது சுத்தமென்று நம்ப வன்னித் தண்ணீரின் இனிப்பே போதுமானதாக இருந்திருக்கிறது.

"என்ர நாக்கு என்னை ஏமாத்திப்போட்டுது" என்றார்.

சித்திரை மழையில் கழுவிய பொலித்தீனை விரித்து நீர் பிடித்தார். உப்புக் கலந்து மூன்று போத்தல்.

வைகாசி வேள்விக்கு எழுபத்திரண்டு ஆடுகள். கத்தி இறங்க இறங்கத் தலைகள் உருண்டன. தலையில்லாத உடல்கள் காலை உதைத்து எழும்பப் பார்த்தன. மணல் குடித்தது போக மிச்ச இரத்தம் பாலைமர வேர்வரை ஓடியது. மூன்றாவது ஆட்டின் குடலில் புழு இருந்தது. அக்கா குளிசையை அரைத்துப் படையல் சாராயத்தில் கரைத்தார்.

"காளிக்கு வச்சத பூச்சிக்கு ஊத்துறாங்கடோய்!" என்று ஆண்டியப்பன் சத்தம் போட, சனம் சிரித்தது.

பாலைமரத்தடியில் இரண்டு கிண்ணம், இரண்டு துண்டுப் புழு. இரண்டிலும் மருந்தை ஊற்றினார். கிணற்று நீரில் போட்டது அரை நிமிடத்தில் சுருண்டது. மழைநீரில் போட்டது ரிப்பன்போல நீண்டு கிடந்தது. ஒரு நிமிடம். இரண்டு. நாலு.

அப்போதுதான் கிபிர் போர்விமானம் வந்தது.

இரண்டு குண்டுகள். முதலாவது வயலில். இரண்டாவது வெட்டுக் களத்தில். புகை விலகியபோது ஆட்டுக்கால்களுக்கிடையில் செருப்புப் போட்ட கால் ஒன்று கிடந்தது. தலையறுந்த ஆடுகளுக்கு நடுவே தலையறுந்த ஒரு மனிதர் உட்கார்ந்தபடியே இருந்தார். ஆண்டியப்பனின் வயிறு திறந்திருந்தது. எத்தனையோ குடலை உருவிய கையால் தன் குடலை அள்ளி உள்ளே திணித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா... இதுலயும் பூச்சி இருக்கான்னு பாருங்க."

"கதையாதேங்கோ அண்ணை. கையை எடுங்கோ."

சுத்தமான தண்ணீர் வேறு எங்கும் இல்லை. மூன்று போத்தலிலும் மிச்சமிருந்த மழைநீரை அந்தக் குடலின்மேல் ஊற்றினார். சேலையைக் கிழித்து நனைத்து மூடி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றும்வரை அழுத்திப் பிடித்திருந்தார்.

பிறகு பாலைமரத்தடிக்கு வந்தார். ஒரு கிண்ணம் உடைந்திருந்தது. மழைநீர்க் கிண்ணம் உடையவில்லை. புழு இன்னும் நீண்டே கிடந்தது. இன்னும் கிட்டப் பார்க்கக் குனிந்தபோது முழங்கையிலிருந்து இரத்தம் ஒரு சொட்டு விழுந்து நீரில் விரிந்தது. அது தொட்ட இடத்தில் புழு வெடுக்கென்று சுருண்டது.

இரத்தத்தில் கல்சியம் இருக்கிறது. அவர் தேடியது அவ்வளவுதான்.

ஆண்டியப்பன் வழியிலேயே முடிந்துபோனார் என்று பின்னேரம் தகவல் வந்தது. அக்கா கொப்பியைத் திறந்தார்.

'மழைநீர்: சுருங்கவில்லை. இரத்தம் பட்டது: சுருங்கியது. ஒரு தடவை மட்டும். போதாது.'

அதன் கீழே, 'இரத்தம்:' என்று எழுதி நிறுத்தினார். அவருடைய தோளிலும் குண்டுச் சிதறல் பட்டிருந்தது. சொட்டியது தன்னுடையதா, ஆண்டியப்பனுடையதா என்று அவருக்குத் தெரியாது. தெரியாததை அவர் எழுதுவதில்லை. அந்த இடத்தை வெறுமையாகவே விட்டார்.