முதல் ரேங்க் அண்ணன் ஊதிய கதை

எனக்குப் பத்து நிமிடம் முந்திப் பிறந்துவிட்டதால் துரை எனக்கு அண்ணன். மற்றபடி மூக்கும் முழியும் அச்சு அசல் ஒன்றுதான். அம்மாவே எங்களை ரேங்க் கார்டைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டாளோ என்று எனக்குச் சந்தேகம். கணக்கில் அவன் நூறு, நான் சைபர். ஒரே ஒருமுறை என் இடத்தில் உட்கார்ந்து எனக்காகப் பரீட்சை எழுதினான். எனக்கும் நூறு வந்தது. வாத்தியாருக்கு மயக்கம் வராத குறை.

அவன் மேல்படிப்புக்குப் போன இடத்தில் எல்லோருமே எங்கேயோ முதல் ரேங்க் வாங்கியவர்கள். துரைக்கு நாற்பத்தோராவது இடம். தோற்றுப் பழக்கமில்லாதவன், பாவம், குடித்தான். அதிலும் முதலாவதாக வரவேண்டும் என்று நினைத்தானோ என்னவோ, மூன்றே வருடத்தில் படிப்புக்கு மங்களம் பாடிவிட்டு வீடு வந்து சேர்ந்தான்.

நான் சரக்கு வண்டி ஓட்டுகிற கிடங்கில் கையைக் காலைப் பிடித்து அவனுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தேன். தினமும் காலையில் வாசலில் குடித்திருக்கிறோமா என்று பார்க்கக் காவலாளி நீட்டுகிற கருவியில் ஊதவேண்டும். சைபர் காட்டினால்தான் வண்டிச் சாவி. அவர் முகத்தைப் பார்க்கமாட்டார், ஹெல்மெட்டில் இருக்கிற நம்பரைத்தான் பார்ப்பார். அண்ணன் ஏற்கெனவே இரண்டு முறை மாட்டியிருந்தான். மூன்றாவது முறை மாட்டினால் வேலை காலி.

ஒரு திங்கட்கிழமை வரிசையில் தன் ஹெல்மெட்டை என் கையில் திணித்தான்.

"இத மாட்டிக்கிட்டு எனக்காக ஊதிடுடா. அப்புறம் திரும்பி வந்து உன்னோடத மாட்டி ஊது. உனக்கு நான் கணக்குப் பரீட்சை எழுதலயா?"

"எழுதின. அதுக்கப்புறம் எனக்குக் கணக்கு வந்துச்சா?"

ஹெல்மெட்டை அவன் தலையிலேயே மாட்டிவிட்டேன். அவன் ஊதினான். "அறுபத்தெட்டு" என்றார் காவலாளி. நூறு வாங்கிப் பாராட்டுப் பெற்றவனை அறுபத்தெட்டுக்கு யாருமே பாராட்டவில்லை, வேலை போனது.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் காலை, நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வியர்த்திருந்தது. வாடை இல்லை.

"நேத்துலேர்ந்து குடிக்கல. முடியலடா." என் ஷூவைப் பார்த்தபடியே கேட்டான். "நீ ஒவ்வொரு தடவையும் ஃபெயிலாயிட்டு மறுநாள் எப்படிடா எழுந்து ஸ்கூலுக்கு வந்த?"

வாழ்க்கையில் முதல்முறையாக அவன் என்னிடம் பாடம் கேட்கிறான். நக்கலடிக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நான் கிளம்பி வர்ற வரைக்கும் நீ வாசல்ல நின்னுட்டிருப்பியே. அதான் வந்தேன்."

அவன் என் இன்னொரு ஷூவை எடுத்து நீட்டினான்.

"சட்டைய மாட்டு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன். "நான் வாசல்ல நிக்கிறேன்."