ஏழாம் எண்ணின் நடை

சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. ஒரு காலடி தொம்மென்று விழுந்தது. அடுத்தது சிமெண்டுத் தரையில் சரசரவென்று இழுபட்டது.

மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே இளவரசி என்னிடம் சொன்னாள்: "வலது முட்டிதாங்க்கா. அம்மா வெயிட்டு பூரா இடது கால்ல போடுது."

பூரணாங்குப்பத்தில் அவர்கள் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். மனித உடலின் அசைவுகளைப் பற்றி முதுகலை படிக்கும் இந்தப் பெண், ஆளை முகத்தால் அறிவதில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் அவள் பார்ப்பது ரோட்டில் போகிறவர்களின் முழங்காலைத்தான். பால்காரரிடம், "அண்ணே, இடுப்ப சாய்ச்சி நடக்காதீங்க" என்பாள். என்னையும் விட்டதில்லை. "கத எழுதி எழுதி உங்க தோளு முன்னாடி வந்துடுச்சி பாருங்கக்கா." அவளே முதுகில் கம்பைச் செருகியதுபோல் நடப்பாள். "இன்னாடி, பரேடுக்கா போற?" என்று அம்மா காசம்மாள் கேலி செய்வாள்.

காசம்மாள் இருபத்தாறு வருடமாக அன்னக்கூடையில் மீன் சுமந்து பாகூர்த் தெருக்களில் விற்கிறவள். இளவரசியின் ஆய்வும் அதுதான்: தலைச்சுமை தூக்கும் பன்னிரண்டு பெண்களின் முழங்கால்கள். இடுப்பிலும் முட்டியிலும் கணுக்காலிலும் வெள்ளைப் பொட்டு ஒட்டி, நடக்கவைத்துப் படம்பிடிக்க வேண்டும்; முட்டியை எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும்.

ஏழாவதாக வரவேண்டியவள் வரவில்லை. அவளுக்குப் பதிலாக இளவரசி தன் அம்மாவையே நிறுத்தினாள். சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. 'ஆய்வாளருக்கு உறவா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.

அப்படி எழுதியதற்குக் காரணம் விதி மட்டுமில்லை என்று ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். கல்லூரியில் ஒருத்தி மீன்காரிகள் மாதிரி இடுப்பை ஆட்டி நடந்து காட்டினாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். "நானும் சிரிச்சேங்க்கா" என்றாள்.

படம்பிடித்த அன்று காசம்மாள் புதுப்புடவை கட்டி, பூ வைத்து வந்தாள். நொண்டவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருபதடி தூரம் நேராக நடந்தாள். ஏன் என்று நான் கேட்டதற்கு, "பொண்ணு பரீச்சைக்கு நொண்டிக்கினா போவாங்க? மார்க்கு கொறஞ்சா இன்னா பண்றது?" என்றாள். இளவரசிக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் மறுபடி நடக்கச் சொல்லாமல் அந்தப் படத்தையே ஆய்வில் சேர்த்துக்கொண்டாள்.

அந்தப் படம்தான் இன்று வாசலுக்கு ஆளைக் கொண்டுவந்தது. அவளுடைய ஆய்வு வழிகாட்டி மஞ்சுளா மேடம், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

"ஏழாம் நம்பரோட எக்ஸ்ரேல முட்டி தேஞ்சு போயிருக்கு. வீடியோல எப்படி இவ்வளவு நேரா நடக்கறாங்க? இது சரியில்லன்னா ஒன் ஆய்வே நிக்காது இளவரசி. அவங்கள நேர்ல பாக்கணும். வீடு எங்க?"

இளவரசி பதில் தேடுவதற்குள், காசம்மாள் இரண்டு தம்ளர் காபியோடு வெளியே வந்துவிட்டாள்.

"அட, வீடியோல பாத்த ஏழாம் நம்பர் இவங்கதான? ஒனக்கு இவங்க..." என்றார் மேடம்.



"பக்கத்து வூட்டம்மா, மேடம்" என்றாள் இளவரசி. "ஒத்தாசைக்கு வருவாங்க."

காசம்மாள் மகளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமாங்க" என்று காபியை வைத்தாள். "பாப்பாவுக்கு யாருமில்லன்னு அப்பப்ப வருவேன்."

"கொஞ்சம் நடந்து காட்டறீங்களாம்மா?"

"எப்படியும் என் வூட்டுக்குப் போவணுமே. பாத்துக்குங்க."

மூலையில் இருந்த அன்னக்கூடையைத் தலையில் ஏற்றினாள். இந்த முறை எதையும் மறைக்கவில்லை. தொம்... சர்ர். தொம்... சர்ர். மேடம் குனிந்து முட்டியைக் கவனித்தார்.

"இதுதான் உண்மையான நடை. இளவரசி, குறிச்சுக்கோ."

தெருவில் போகும் எவர் காலையும் விட்டுவைக்காத அந்தப் பெண், கையில் பேனாவோடு, ஆறுகிற காபியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிலைப்படியில் காசம்மாள் நின்றாள். மகளிடம் அவள் 'டி' போடாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

"நான் வர்றேங்க பாப்பா. காபி குடிச்சிடுங்க."

கூடையை ஒரு கையால் பிடித்தபடி, மற்றொரு கையால் தன் வீட்டுக் கதவை வெளியிலிருந்து மெல்லச் சாத்தினாள்.